நீரில் தொங்கும் கல்: வீட்டில் வைத்துக்கொள்ளும் அடர்த்தித் தராசு குறித்து ஒரு மதிப்பீடு

இரண்டு மாதங்களுக்கு முன்பு, கற்களின் அடர்த்தியை அளக்கும் மேசைத் தராசு ஒன்றை 248 சிங்கப்பூர் வெள்ளி கொடுத்து இணையக்கடையில் வாங்கினேன். இதே அமைப்பில் பல முத்திரைகளில் கருவிகள் விற்கப்படுவதால், முத்திரையை விட்டுவிட்டு அமைப்பைப் பற்றியும், அது செய்யும் வேலையைப் பற்றியும், செய்யாத வேலையைப் பற்றியும் எழுதுகிறேன். வாங்கும் எண்ணத்தோடு படிப்பவர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதுபோல் எந்த ரத்தினத்தையும் இக்கருவி கண்டறிந்து சொல்லிவிடாது. ஆனால் கையிலுள்ள கல் இன்ன கல் அன்று என்பதைப் பெரும்பாலும் ஐயமின்றிச் சொல்லிவிடும். தலைமுறை தலைமுறையாகத் தவறான பெயரோடு நம் வீட்டு அலமாரிகளில் கிடக்கும் கற்களுக்கு அதுவே பெரிய உதவி என்பதால், குறைகளை அறிந்தே இதைப் பரிந்துரைக்கிறேன்.

நான் வாங்கக் காரணம், என் தாயார் விட்டுச்சென்ற ஓர் எவர்சில்வர் டப்பா. அதில் 'புஷ்பராகம்' என்று அவர் கையெழுத்தில் எழுதிய தாளில் மடித்த மஞ்சள் கல் ஒன்றும், 'மாணிக்கம்' என்று வீட்டில் எல்லோரும் சொல்லிவந்த சிவப்புக் கல் பதித்த மோதிரம் ஒன்றும், பழைய தோட்டிலிருந்து கழன்ற நீலப் பொடிக்கற்கள் ஆறும் இருந்தன. இவற்றை விற்கும் நோக்கம் எனக்கு இல்லை. என் மகளிடம் கொடுக்கும்போது சரியான பெயரைச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது மட்டுமே விருப்பம். எட்டுக் கற்களையும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கட்டணம் கேட்பார்கள். எதை அனுப்பலாம், எதை அனுப்பத் தேவையில்லை என்று வீட்டிலேயே வடிகட்டிக்கொள்ள ஒரு வழியைத் தேடியபோதுதான் இந்தத் தராசு கண்ணில் பட்டது.

இதன் அடிப்படை, பள்ளியில் படித்த ஆர்க்கிமிடீஸ் தத்துவமேயன்றி வேறில்லை. நீரில் மூழ்கிய பொருள் தான் விலக்கிய நீரின் எடை அளவுக்குத் தன் எடையை இழக்கிறது. காற்றில் 10 கிராம் உள்ள ஒரு கல் நீருக்குள் 7.5 கிராம் காட்டினால், இழந்தது 2.5 கிராம், 10-ஐ 2.5-ஆல் வகுத்தால் 4 வரும். அதுவே அக்கல்லின் ஒப்படர்த்தி. கல் வட்டமாக இருந்தாலும் நீள்சதுரமாக இருந்தாலும், பெரிதானாலும் சிறிதானாலும், ஒரே கனிமமானால் இந்த எண் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். மாணிக்கமும் நீலமும் நிறத்தால் வேறுபட்டாலும் ஒரே கனிமம் என்பதால் இரண்டுக்கும் 4.00. அந்தக் கனிமத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'கொரண்டம்' என்ற பெயர், நம்முடைய 'குருந்தம்' என்ற சொல்லிலிருந்து போனதுதான். வைரத்துக்கு 3.52, டோபாஸுக்கு 3.53, வைடூரியத்துக்கு 3.73, மரகதத்துக்கு 2.72 என்ற அளவில் இருக்கும். குவார்ட்ஸ் குடும்பத்துக்கு, அதாவது நாம் ஸ்படிகம் என்று சொல்வதற்கும் செவ்வந்திக்கல்லுக்கும் மஞ்சள் சிட்ரினுக்கும், 2.65. இந்த எண்கள் ஒன்றிலிருந்து ஒன்று விலகி நிற்கும் இடங்களில்தான் தராசின் பயன் முழுமையாகத் தெரிகிறது.

கருவியின் அமைப்பு எளிது. 100 கிராம் வரை தாங்குவதும், ஆயிரத்தில் ஒரு கிராம் வரை காட்டுவதுமான மின்தராசு ஒன்று, அதைச் சுற்றிக் கண்ணாடிக் கூண்டு, தட்டைத் தொடாமல் அதற்கு மேல் நிற்கும் சிறிய பாலம், பாலத்தின் மேல் வைக்கும் கண்ணாடிக் குவளை, தட்டின் மேல் அமரும் உலோகச் சட்டம், சட்டத்திலிருந்து குவளை நீருக்குள் தொங்கும் கம்பிக் கூடை ஆகியவை பெட்டியில் இருந்தன. சரிபார்ப்பதற்கான 50 கிராம் எடைக்கல்லும் ஓர் இடுக்கியும் உடன் வருகின்றன. சட்டத்தின் மேல்தட்டில் கல்லை வைத்துப் பொத்தானை அழுத்தினால் காற்றில் எடை பதிவாகும். கூடைக்குள் வைத்து மறுபடி அழுத்தினால் கருவியே கணக்குப் போட்டு ஒப்படர்த்தியைக் காட்டிவிடும். குவளையின் எடை பாலத்தின் மேலும் கல்லின் எடை தட்டின் மேலும் விழுவதால் இரண்டும் கலப்பதில்லை. இந்த ஏற்பாட்டை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

தராசு நம்பகமானதா என்று பார்க்க முதல் நாள் ஒரு சோதனை செய்தேன். எங்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிக்குப் பின்புறப் பூங்காவில் இங்குள்ளவர்கள் 'சாகா' என்று சொல்லும் மரம் ஒன்று இருக்கிறது. அது நம் மஞ்சாடி மரம்தான். அதன் சிவந்த விதையால்தான் ஒரு காலத்தில் நம் பொற்கொல்லர்கள் பொன்னை நிறுத்தார்கள். இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி என்பது அவர்கள் வாய்ப்பாடு. கீழே உதிர்ந்திருந்த பத்து விதைகளைப் பொறுக்கி வந்து நிறுத்தபோது 2.714 கிராம் காட்டியது. எடுத்து எடுத்து வைத்துப் பத்து முறை பார்த்தும் கடைசி இலக்கத்தில் ஒன்று கூடியதும் குறைந்ததும் தவிர வேறு மாற்றம் இல்லை. காற்றில் நிறுப்பதைப் பொறுத்தவரை இத்தராசின் மீது எனக்குக் குறை ஏதும் இல்லை.

நீருக்குள் போகும்போதுதான் பொறுமை தேவைப்படுகிறது. முதலில் மஞ்சள் கல்லை எடுத்தேன். காற்றில் 1.284 கிராம், அதாவது 6.42 கேரட். கூடைக்குள் இறக்கியதும் எண்கள் நிலைகொள்ளாமல் ஆடின. உற்றுப் பார்த்தபோது, கல்லின் அடிப்பக்கப் பட்டைகளில் கடுகில் பாதி அளவுள்ள காற்றுக்குமிழ் இரண்டு ஒட்டியிருந்தன. ஒட்டிய குமிழ் கல்லை மேலே தூக்குவதால் எடை குறைந்து, ஒப்படர்த்தி உண்மையைவிடக் குறைவாக வரும். கையேடு இதை ஒரே வரியில் சொல்லி நகர்ந்துவிடுகிறது. நான் கண்ட வழி இதுதான்: நீரை நன்கு கொதிக்க வைத்து மூடி ஆறவிட்டால் அதில் கரைந்துள்ள காற்று பெரும்பாலும் போய்விடுகிறது, அதில் பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு சொட்டு சேர்த்தால் நீரின் பரப்பு இழுவிசை தளர்ந்து குமிழ்கள் ஒட்டாமல் நழுவுகின்றன, பிறகு நனைத்த மெல்லிய தூரிகையால் கல்லை ஒருமுறை தடவிவிட்டால் போதும். கூடையைத் தாங்கும் கம்பி நீர்ப்பரப்பைத் துளைக்கும் இடத்திலும் இதே இழுவிசைதான் வேலை செய்கிறது. அந்தச் சோப்புச் சொட்டு அங்கும் உதவியது.

இவ்வளவும் செய்தபின் நீருக்குள் 0.800 கிராம் காட்டியது. இழந்தது 0.484, வகுத்தால் 2.65. ஐந்து முறை செய்ததில் 2.64-க்கும் 2.66-க்கும் இடையிலேயே நின்றது. அது கனக புஷ்பராகம் எனப்படும் மஞ்சள் நிறக் குருந்தமாக இருந்திருந்தால் 0.321 கிராமும், டோபாஸாக இருந்திருந்தால் 0.364 கிராமும் மட்டுமே இழந்திருக்க வேண்டும். இவ்விரண்டையும் 2.65 உள்ள சிட்ரினையும் புஷ்பராகம் என்ற ஒரே பெயரில் விற்பது நெடுங்கால வழக்கம். மூன்றையும் அருகருகே வைத்தாலும் பழகாத கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, விலையிலோ மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. என் தந்தை 1980-களில் ஊருக்குப் போயிருந்தபோது ஒரு கடையில், ஜாதகத்தில் குரு பலம் வேண்டும் என்பதற்காக, இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுத்து வாங்கிய கல் இது. குருவுக்கு உரிய கல் என்று நம்பி என் தாயார் அதை வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் நீரில் கழுவி வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த எண்ணைக் கண்டபோது எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஆனால் 2.65 என்று வந்ததாலேயே அது சிட்ரின் ஆகிவிடாது. கண்ணாடியின் ஒப்படர்த்தி அதன் சேர்மானத்தைப் பொறுத்து ஏறக்குறைய 2.3 முதல் 4.5 வரை எங்கு வேண்டுமானாலும் விழலாம்; ஆகவே கண்ணாடி என்ற ஐயத்தை இத்தராசால் ஒருபோதும் தீர்க்க இயலாது. நான் மடிக்கணினியின் வெண்திரைக்கு முன் கல்லை வைத்து, முனைவாக்கக் (polarised) கண்ணாடி பொருத்திய வெயில் கண்ணாடியைத் திரை இருளும் கோணத்தில் பிடித்துக்கொண்டு கல்லைச் சுழற்றினேன். ஒரு முழுச் சுற்றில் நான்கு முறை ஒளிர்ந்து நான்கு முறை இருண்டது. சாதாரணக் கண்ணாடி அப்படிச் செய்யாது. இரண்டு சோதனைகளையும் சேர்த்துப் பார்த்த பிறகே, தாளில் இருந்த பெயரை அடிக்காமல் அதன் கீழே 'சிட்ரின்' என்று எழுதி வைத்தேன்.

சிவப்புக் கல்லுக்கு வேறொரு தடை இருந்தது. நகையில் பதித்த கல்லை இம்முறையில் அளக்கவே முடியாது, ஏனெனில் பொன்னின் எடையும் சேர்ந்துகொள்ளும். நம்மிடம் உள்ள கற்களில் பெரும்பாலானவை பதித்தவை என்பதால், கருவியின் மிகப் பெரிய வரம்பு இதுதான். விற்பவரின் விளம்பரத்தில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லாதது சரியன்று. மோதிரத்தை லிட்டில் இந்தியாவின் தேக்காவில் ஒரு மூத்த ஆசாரியிடம் கொண்டு போனேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கல்லைக் கழற்றித் திரும்ப வைக்கிறது என் பொறுப்பும்மா. ஆனா உள்ளே ஏற்கெனவே வெடிப்பு இருந்து விட்டுப்போச்சுன்னா என்னைக் குறை சொல்லக் கூடாது" என்றார். "சரிங்க ஐயா, பார்த்துச் செய்யுங்க" என்று சொல்லிவிட்டு, அவர் விளிம்பை மெல்ல நெம்புவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பின்புறம் மூடிய அந்தப் பழைய மோதிரத்தில் கல்லுக்கு அடியில் சிவந்த மெல்லிய தகடு ஒன்று வைத்திருந்தது; தகட்டை விட்டு எழுந்ததும் கல்லின் சிவப்பு ஒரு படி இளகி, உள்ளே இலேசான ரோஜா நிறம் தெரிந்தது. கழற்றியபோது கட்டணம் வாங்க மறுத்தவர், திரும்பப் பதித்தபோதுதான் வாங்கிக்கொண்டார்.

அக்கல் காற்றில் 0.846 கிராம். நீரில் இழந்தது, பல முறை அளந்ததில், 0.233-க்கும் 0.237-க்கும் இடையில், சராசரியாக 0.235. ஒப்படர்த்தி 3.60. மாணிக்கமாக இருந்தால் 4.00 வர வேண்டும். இந்த அளவுள்ள கல்லில் அத்தனை பெரிய பிழை நேர வாய்ப்பில்லை. ஆகவே மாணிக்கம் அன்று. 3.60 என்பது ஸ்பினெல் என்ற கல்லின் எண். அதன் சிவப்பு வகை, மாணிக்கம் என்று பல நூற்றாண்டுகள் எண்ணப்பட்டுவந்த கல். பிரிட்டிஷ் அரசமுடியின் முன்புறத்தில் 'கருப்பு இளவரசரின் மாணிக்கம்' என்ற பெயரோடு பதித்திருக்கும் பெரிய சிவப்புக் கல்லும் ஸ்பினெல்தான். ஆனால் தொழிற்சாலையில் உருக்கிச் செய்யும் ஸ்பினெலின் எண் 3.64, இயற்கைக் கல்லுக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு என் அளவீட்டின் ஆட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. இங்குதான் தராசை ஓரம் வைத்துவிட்டு ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். அவர்கள் ஒளிவிலகல் எண்ணைப் பார்த்து, நுண்ணோக்கியில் கல்லுக்குள் சிக்கியிருக்கும் உள்ளீடுகளைப் பார்த்து, இயற்கை ஸ்பினெல் என்று சான்றளித்தார்கள். இயற்கைக் கல்லின் ஒளிவிலகல் எண் 1.718 அளவிலும், உருக்கிச் செய்ததன் எண் 1.728 அளவிலும் இருப்பதால் அங்கே அது எளிதில் பிரிந்துவிடுகிறது. எட்டுக் கற்களுக்குக் கட்ட வேண்டிய கட்டணம் ஒரு கல்லுக்கானதாகச் சுருங்கியது. இக்கருவி எனக்கு அளித்த நேரடி ஆதாயம் இதுவே.

நீலப் பொடிக்கற்களில் கருவி தோற்றுவிட்டது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 0.120 கிராம். ஒரே கல்லை ஆறு முறை அளந்தபோது இழப்பு 0.027 முதல் 0.033 வரை மாறி மாறி வந்தது, வகுத்தால் 4.44 முதல் 3.64 வரை ஆகிறது. ஒரு முனையில் சிர்க்கான், மறு முனையில் செயற்கை ஸ்பினெல், நடுவில் நீலம்! பிழை மூன்று மில்லிகிராம்தான், ஆனால் விலக்கும் நீரே முப்பது மில்லிகிராம் என்னும்போது அது பத்தில் ஒரு பங்கு. என் அனுபவத்தில் 2 கேரட்டுக்குக் குறைந்த கல்லுக்கு இக்கருவியின் எண்ணை நம்பலாகாது. 4 கேரட்டுக்கு மேல் தயக்கமின்றி நம்பலாம். கம்பிக் கூடையின் தண்டு தேவைக்கு மேல் தடிமனாக இருப்பதும் இதற்கு ஒரு காரணம். அதை எடுத்துவிட்டுத் தலைமுடி அளவுள்ள செப்புக் கம்பியில் நானே ஒரு சுருள் செய்து தொங்கவிட்டபோது ஆட்டம் ஓரளவு குறைந்தது. இவ்வளவு விலை வைத்தவர்கள் மெல்லிய கம்பியைத் தந்திருக்கலாம்.

மற்றொரு குறை, உடன் வந்த அட்டவணை. அதில் கார்னெட்டுக்கு ஒரே எண் போட்டிருக்கிறார்கள். கார்னெட் என்பது ஒரு குடும்பம், கோமேதகம் 3.65 அளவிலும், செந்நிற அல்மண்டைன் 4.05 அளவிலும் இருக்கும். கோமேதகத்தை அளப்பவர் அந்த ஒற்றை எண்ணைப் பார்த்தால் தம் கல் போலி என்று முடிவுகட்டிவிடுவார். கண்ணாடி என்ற பெயரே அட்டவணையில் இல்லை. கையேடோ நீரின் வெப்பநிலையைப் பற்றி இரண்டு பக்கங்கள் எழுதுகிறது. நம் ஊரின் 29 பாகைச் சூட்டில் நீரின் அடர்த்தி 0.996, அதைக் கணக்கில் கொள்ளாவிட்டால் மாணிக்கத்தின் 4.00 என்பது 4.02 ஆகத் தெரியும். அதனால் யாருடைய முடிவும் மாறப்போவதில்லை. உண்மையில் தொல்லை தருவது கூரை மின்விசிறி. கூடை தொங்கும்போது கூண்டின் மேல்மூடியைச் சாத்த இயலாமல் போவதால், விசிறியை நிறுத்தி, சன்னலைச் சாத்தி, சமையலறைக் கருங்கல் மேடையில் வைத்து அளக்க வேண்டியிருக்கிறது. இதைச் சொல்ல அரைப் பக்கம் போதும், ஆனால் சொல்லவில்லை.

அளக்கக் கூடாத கற்களைப் பற்றிய எச்சரிக்கையும் கையேட்டில் இல்லை. முத்து, ஓப்பல், டர்க்காய்ஸ் போன்றவற்றைச் சோப்பு நீரில் இடக் கூடாது. மரகதத்தின் வெடிப்புகளில் பெரும்பாலும் எண்ணெய் ஊட்டியிருப்பார்கள் என்பதால் அதற்கும் சோப்பு ஆகாது. மேலும் மரகதத்தின் 2.72-க்கும் குவார்ட்ஸின் 2.65-க்கும் இடைவெளி குறைவு என்பதால், மரகதத்துக்காக மட்டும் இதை வாங்க நினைப்பவர் வாங்க வேண்டாம். ஆய்வுக்கூடத்தில் வளர்த்த வைரத்துக்கும் சுரங்க வைரத்துக்கும் ஒரே 3.52தான், 1902-இல் பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னூய் அறிவித்த முறையில் உருக்கிச் செய்த மாணிக்கத்துக்கும் மண்ணிலிருந்து எடுத்த மாணிக்கத்துக்கும் ஒரே 4.00தான். சூடுபடுத்தி நிறம் ஏற்றியதையும் எடை காட்டிக் கொடுக்காது. ஆனால் திருச்சி, புதுக்கோட்டைப் பக்கம் பட்டை தீட்டி வரும் அமெரிக்கன் டைமண்ட் எனப்படும் கியூபிக் சிர்கோனியா 5.6-க்கு மேல் காட்டும் என்பதால், பதிக்காத வைரத்தின் இடத்தில் அது ஒளிந்துகொள்ள இயலாது.

பெரிய பொருளுக்கு இந்தக் கருவியே தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் தளத்தில் வசிக்கும் சீன மூதாட்டி, தம் மாமியார் கொடுத்த ஜேட் வளையலைப் பற்றி வெகுநாளாக ஐயத்தோடு இருந்தார். என் தராசின் குவளைக்குள் வளையல் இறங்காது. அதனால் பத்தில் ஒரு கிராம் காட்டும் என் சமையலறைத் தராசில் நீர் நிறைந்த கிண்ணத்தை வைத்து, எண்ணைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, வளையலை நூலில் கட்டி அடியைத் தொடாமல் நீருக்குள் தொங்கவிட்டேன். அப்போது தராசு காட்டுவது வளையல் விலக்கிய நீரின் எடை. 15.7 கிராம் காட்டியது. வளையலின் எடை 52.4 கிராம். வகுத்தால் 3.34, ஜேட் என்ற பெயரில் வரும் இரு கனிமங்களில் ஒன்றான ஜேடைட்டின் எண் சரியாக அதுதான். மற்றொன்றான நெஃப்ரைட் என்றால் 2.95 அளவிலும், சாயமேற்றிய குவார்ட்சைட் என்றால் 2.65 அளவிலும் வந்திருக்கும். பிசின் ஊட்டிய ஜேடைட்டா என்பதை ஆய்வுக்கூடத்தின் அகச்சிவப்புச் சோதனைதான் சொல்லும் என்று விளக்கினேன். "அது போதும், ஆன்ட்டிக்கு இது கல்தான் என்று தெரிந்தால் போதும்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, கை ஈரம் துடைக்காமலே வளையலை மாட்டிக்கொண்டார்.

கனத்த திரவங்களில் கல்லை மிதக்கவிட்டுப் பார்க்கும் பழைய முறையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு சொல். 3.32 அடர்த்தியுள்ள மெத்திலீன் அயோடைடில் குவார்ட்ஸ் மிதக்கும், மாணிக்கம் மூழ்கும். பொடிக்கற்களுக்கும் அது பொருந்தும் என்பது உண்மைதான். ஆனால் அத்தகைய திரவங்கள் நச்சுத்தன்மை உடையவை. குழந்தைகள் நடமாடும் வீட்டில் வைத்திருக்கத் தக்கவை அல்ல. அம்பர் மணிகளுக்கு மட்டும் உப்பு நீர் போதும். கரையும் அளவுக்கு உப்பிட்ட நீரில் அம்பர் மிதக்கும். கண்ணாடியும் பல வகை நெகிழியும் மூழ்கிவிடும்.

பதிக்காத கற்கள் மூன்று நான்காவது, ஒவ்வொன்றும் 2 கேரட்டுக்கு மேல், வீட்டில் இருப்பவர்கள் இதை வாங்கலாம். ஒரே ஒரு கல் இருப்பவர் நேராக ஆய்வுக்கூடத்துக்குப் போவதே மலிவு. வாங்குபவர் ஆயிரத்தில் ஒரு கிராம் காட்டும் தராசா என்பதைப் பார்த்து வாங்க வேண்டும். நூறில் ஒரு கிராம் காட்டும் மலிவான வகை, இலங்கைக் கற்கள் வழக்கமாக வரும் அளவுகளுக்கு உதவாது. என் நீலக் கற்கள் ஆறும் இப்போதும் பெயர் தெரியாமல் அந்த டப்பாவிலேயே இருக்கின்றன. சிவப்புக் கல்லை ஆசாரி சென்ற வாரம் அதே மோதிரத்தில், இம்முறை பின்புறம் திறந்து, தகடு இல்லாமல் பதித்துக் கொடுத்தார்.